ஆட்டுக்கு ஒரு பெயர், மாட்டுக்கு ஒரு பெயர்

1905ஆம் ஆண்டு கோடை முடிகிற நேரத்தில் மால்டா தீவிலிருந்து 'ஜோஷுவா நிக்கல்சன்' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் அறுபது சொச்சம் வெள்ளாடுகள். மால்டா ஆடு நன்றாகக் கறக்கும் என்று பேர் வாங்கியது. அமெரிக்க வேளாண் துறையின் கால்நடைப் பிரிவு அந்த இனத்தைத் தன் நாட்டில் வளர்த்துப் பார்க்க ஆசைப்பட்டு வாங்கியிருந்தது. வழியில் கப்பல்காரர்களுக்குப் பாலுக்குப் பஞ்சமில்லை. காய்ச்சாமல் அப்படியே குடித்தார்கள். சில வாரங்களில் அவர்களில் பலர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஏறும், விடிகாலையில் வியர்த்துக் கொட்டி இறங்கும், கொஞ்ச நாள் ஓய்ந்த மாதிரி இருந்துவிட்டு மறுபடி தொடங்கும் காய்ச்சல். ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. அசைபோட்டுக்கொண்டு, வேளாவேளைக்குக் கறந்துகொண்டு நின்றன. கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தபின் தனியே அடைத்துவைக்கப்பட்டு, கடைசியில் கொல்லப்பட்டன.

அந்தக் கால்நடைப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதாநாயகி பிற்பாடு வேலைக்குச் சேரப்போவது அங்கேதான்.

மால்டாவில் இந்தக் காய்ச்சல் பழைய சங்கதி. தீவு அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் தளம். சிப்பாய்களை வருஷா வருஷம் இது கொத்துக் கொத்தாகப் படுக்கவைத்தது. செத்தவர்கள் குறைவு, ஆனால் விழுந்தவன் எழுந்து நடமாட மாதக்கணக்காகும். 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இறந்த சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். நுண்ணோக்கியில் பொட்டுப்பொட்டாக உருண்டையாகத் தெரிந்தது. உருண்டைக் கிருமிகளுக்கு உரிய 'மைக்ரோகாக்கஸ்' என்ற குலப்பெயரோடு தீவின் லத்தீன் பெயரையும் ஒட்டி 'மைக்ரோகாக்கஸ் மெலிட்டென்சிஸ்' ஆக்கினார். அது மனிதனுக்குள் எப்படிப் போகிறது என்பது பதினெட்டு வருஷம் பிடிபடவில்லை. 1905இல் தெமிஸ்டாக்ளிஸ் ஜாம்மிட் என்ற மால்டாக்காரர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்ததும் முடிச்சு அவிழ்ந்தது. அந்த ஊரில் ஆட்டை வீதி வீதியாக ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். மறு வருஷம் படைக்கு ஆட்டுப்பால் நின்றது. படைக்குள் காய்ச்சலும் மளமளவென்று இறங்கியது.

இதற்கிடையே கோப்பன்ஹேகனில், 1897இல், பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை அறிஞர் வேறொரு துப்பைத் துலக்கிக்கொண்டிருந்தார். சினைப்பசுக்கள் மாதம் நிறையுமுன் கன்று வீசுகின்றன. ஒன்று வீசினால் தொழுவத்தில் அடுத்தடுத்து மற்றவையும் வீசுகின்றன. கன்று வீசிய பசுவின் கருப்பையிலிருந்து அவர் எடுத்த கிருமி சின்னஞ்சிறு குச்சியாகத் தெரிந்தது. குச்சிக் கிருமிக்குப் பெயர் பாசில்லஸ். ஆக, 'பாசில்லஸ் அபார்ட்டஸ்'.

நிஜத்தில் இந்தக் கிருமி உருண்டையும் இல்லை, குச்சியும் இல்லை, ரெண்டுங்கெட்டான். முழு அரிசிக்கும் நொய்க்கும் நடுவில் இருக்கிற குருணை மாதிரி. ஒரு பார்வையில் உருண்டை, இன்னொரு பார்வையில் குச்சி. புரூஸ் கண்ணுக்கு அப்படி, பாங் கண்ணுக்கு இப்படி. ஆனால் பெயர் வைத்த பிறகு ஒன்று மனித மருத்துவர்களின் அலமாரிக்குப் போனது, மற்றது மாட்டு மருத்துவர்களின் அலமாரிக்கு. ஒருவர் படிக்கிற இதழை மற்றவர் படிப்பதில்லை. இருபது வருஷம் அந்த இரண்டு புட்டிகளையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஒரு முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியைக்கு.

ஆலிஸ் கேத்தரின் எவான்ஸ் 1881 ஜனவரி 29 அன்று பென்சில்வேனியாவின் வடக்கே நீத் என்ற சிற்றூரில் பிறந்தவர். வேல்ஸ் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்களின் ஊர். ஓரறைப் பள்ளிக்கூடம், பிறகு பக்கத்து ஊரில் உயர்நிலைப் படிப்பு. அங்கே பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடியிருக்கிறார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்த விளையாட்டு அது. கல்லூரிக்குக் காசில்லை. படித்த பெண்ணுக்கு இருந்த ஒரே வேலை வாத்தியார் வேலை. நான்கு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார், சலித்துப்போனார். அப்போது கார்னெல் பல்கலைக்கழகம் கிராமத்து ஆசிரியர்களுக்காக இயற்கைப் பாடத்தில் இரண்டு வருஷப் படிப்பைக் கட்டணமில்லாமல் நடத்தியது. பூச்சியையும் பூவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்ளப் போன பெண், அங்கேயே தங்கி 1909இல் பாக்டீரியவியலில் பட்டம் வாங்கினார். அடுத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை; பாக்டீரியவியலுக்கான அந்தத் தொகை பெண்ணுக்குப் போனது அதுவே முதல் தடவை. 1910இல் முதுகலை. பின்னாளில் வைட்டமின் ஆராய்ச்சியில் பேர்பெற்ற எல்மர் மெக்காலம் அங்கே ஆசிரியர். முனைவர் பட்டத்துக்குத் தொடரும்படி அவர் சொல்லியும் ஆலிஸ் வேலைக்குப் போய்விட்டார். கையில் பணமில்லாத படிப்பு எவ்வளவு நாள் ஓடும்? பின்னால் இந்த இல்லாத பட்டம் அவரைத் துரத்தியது.

வேலை, வேளாண் துறையில் அந்தக் கால்நடைப் பிரிவுக்குள் இருந்த பால்வளப் பிரிவில். மேடிசன் நகரில் மூன்று வருஷம் செடார் பாலாடைக்கட்டிக்கு மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்தார். வாஷிங்டனில் புது ஆய்வகம் எழும்பியதும் 1913இல் அங்கே மாற்றம். தலைமையகத்தில் பெண் விஞ்ஞானிக்கு இடம் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை. வெளியூர்க் கிளையில் சேர்த்துக்கொண்டவரை இப்போது அனுப்பிவைக்கிறார்கள் என்று தெரிந்தபோது அதிகாரிகளுக்கு நாற்காலியிலிருந்து விழாத குறை என்று கூட்டத்தில் சுருக்கெழுத்து எடுத்தவர் பிறகு சொன்னாராம். வந்த ஆளை அரசு விதிப்படி திருப்பி அனுப்ப வழியில்லை. அந்தப் பிரிவில் நிரந்தர வேலை பெற்ற முதல் பெண் விஞ்ஞானி இப்படித்தான் உள்ளே வந்தார்.

அவருக்குக் கொடுத்த வேலை, கறந்த பாலில் இருக்கும் பாக்டீரியாக்களைப் படிப்பது. சுத்தமாகக் கறந்தால் பச்சைப்பால் பாதுகாப்பானது என்பது அன்றைய நம்பிக்கை. நோயே இல்லாமல் திடமாக நிற்கிற பசுவின் மடியிலிருந்தும் பாங்கின் மாட்டுக் கிருமி பாலில் இறங்குகிறது என்று 1911இலேயே அதே கால்நடைப் பிரிவின் ஆட்கள் எழுதியிருந்தார்கள். எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அது மாட்டு வியாதிதானே! குடிக்கிற மனிதனை அது என்ன செய்யும் என்று ஆலிஸ் கேட்டார். பசுவின் வழியாக வரும் இந்தக் கிருமிக்கு மனித நோய்களில் ஒத்தது ஏதாவது உண்டா? மால்டா காய்ச்சல் என்று பதில் வந்தது. அவர் இரண்டு கிருமிகளையும் மேசைக்குக் கொண்டுவந்தார்.

சோதனை எளிமையானது. ஒரு விலங்குக்குள் ஒரு கிருமி போனால், அதன் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருள் ஊறும். அந்த ரத்தத்தின் தெளிநீரைப் படிப்படியாக நீர்த்து, வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் கிருமிக் கலங்கலைச் சேர்த்து வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிடுவார்கள். முதல் நாள் எல்லாக் குழாயும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரே கலங்கலாக இருக்கும். எதிர்ப்பொருளுக்குக் கிருமியை அடையாளம் தெரிந்தால், பால் திரிந்தது போலத் துணுக்குத் துணுக்காகச் சேர்ந்து அடியில் படியும், மேலே நீர் தெளிந்து நிற்கும். தெரியாவிட்டால் கலங்கல் கலங்கலாகவே இருக்கும். ஆலிஸ் மாட்டுக் கிருமிக்கு எதிரான தெளிநீரில் ஆட்டுக் கிருமியை விட்டார். திரிந்தது. மாற்றி விட்டார். அப்போதும் திரிந்தது. ஊட்டக்கூழில் இரண்டும் ஒரே மாதிரி மெதுவாக வளர்ந்தன. சினையாக இருந்த கினிப்பன்றிகளுக்கு ஆட்டுக் கிருமியை ஏற்றியபோது, மாட்டுக் கிருமி செய்வதையே அதுவும் செய்தது. உருண்டை என்றும் குச்சி என்றும் பெயர் பெற்ற இரண்டுக்கும் நடுவில் சாதாரணச் சோதனைகளால் கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாடு இல்லை.

1917 டிசம்பரில் அமெரிக்க பாக்டீரியவியலாளர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னார். மறு வருஷம் கட்டுரை அச்சில் வந்தது. பச்சைப்பால் பற்றிய எச்சரிக்கையும் அதில் இருந்தது. கேட்டவர்கள் நம்பவில்லை. இவ்வளவு நெருங்கிய உறவு இருந்தால் இத்தனை வருஷமாக இத்தனை பேர் கண்ணில் படாமலா இருக்கும் என்பது முதல் ஆட்சேபம். பாலில் இந்தக் கிருமி அவ்வளவு இருந்தால் அமெரிக்காவில் ஏன் மால்டா காய்ச்சல் இல்லை என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானதுதான். அதற்கு விடை பின்னால் வந்தது: காய்ச்சல் இருந்தது, பெயர்தான் வேறு. டைபாய்டு, மலேரியா, காசநோய், வாதம், ஃப்ளு என்று மருத்துவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். பால் வியாபாரத் தரப்பிலிருந்து வேறொரு முணுமுணுப்பும் வந்தது. பாலைச் சுடவைக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனிகளோடு இந்த அம்மாவுக்கு ஏதோ உடன்பாடு இருக்கிறதாம்!

எதிர்த்தவர்களில் மலை போல நின்றவர் தியோபால்ட் ஸ்மித். அமெரிக்க பாக்டீரியவியலின் பிதாமகர். மாட்டுக் காய்ச்சல் ஒன்றை உண்ணி பரப்புகிறது என்று காட்டியவர். மனிதக் காசக்கிருமியும் மாட்டுக் காசக்கிருமியும் ஒன்றல்ல, இரண்டு என்று 1898இல் பிரித்துக் காட்டியதும் அவரே. ஒன்று போலத் தெரிவதை இரண்டாகப் பிரித்துப் புகழ் பெற்ற மனிதர், இரண்டாகத் தெரிவதை ஒன்று என்று ஒரு சின்னப் பெண் சொன்னதை ஏற்கவில்லை. மாட்டுக் கிருமியோடு அவரும் வேலை செய்திருந்தார் என்பது கூடுதல் சங்கடம். 1925இல் தேசிய ஆராய்ச்சிக் கழகம் இந்த நோய்க்கென ஒரு குழு அமைத்து அவரைத் தலைமை ஏற்கச் சொன்னபோது, எவான்ஸ் அதில் உறுப்பினர் என்பதைக் காரணமாக வைத்து மறுத்துவிட்டார். பெண்களுக்கு ஓட்டுரிமையே 1920இல்தான் வந்த நாடு அது. பெண்ணிடமிருந்து வரும் அறிவியல் கருத்தைக் கேட்டுப் பழக்கமில்லாதவர் என்று ஆலிஸ் பின்னாளில் ஸ்மித்தைப் பற்றிக் கோபமில்லாமல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த அளவு பொறுமை வந்திருக்காது.

கை கொடுத்தவர் கலிபோர்னியாவில் கார்ல் மேயர். அவரும் சகாவும் எல்லாச் சோதனைகளையும் திரும்பச் செய்து ஆலிஸ் சொன்னது சரி என்றார்கள். 1920இல் இரண்டு கிருமிகளையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துப் புதுப் பெயரும் வைத்தார்கள்: புரூசெல்லா. முதலில் கண்டவர் புரூஸ் என்பதால். இரண்டும் ஒன்று என்று கண்டவரின் பெயர் எந்தக் கிருமிக்கும் போகவில்லை. ரொடீசியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மாட்டுக் கிருமி மனிதரைத் தாக்கிய செய்திகள் வந்தன. 1924இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்தும் வந்தது. வாதம் அதோடு மெல்ல மெல்லத் தீர்ந்தது.

ஆலிஸ் அதற்குள் வேறு அலுவலகத்துக்கு மாறியிருந்தார். 1918இல் பொதுச் சுகாதாரத் துறையின் ஹைஜீனிக் ஆய்வகம் அவரை அழைத்துக்கொண்டது. இன்று உலகமே அறிந்த அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் முந்தைய வடிவம் அது. போர்க்காலம், மூளைக்காய்ச்சல் கிருமி ஆராய்ச்சி, அக்டோபரில் ஃப்ளு கொள்ளைநோய் வந்ததும் அதை ஆராயச் சொன்னார்கள், அதுவும் அவரைப் படுக்கவைத்தது. 1922இல் மறுபடி புரூசெல்லாவைக் கையில் எடுத்தார். அந்த அக்டோபரில் புரூசெல்லா அவரை எடுத்துக்கொண்டது.

கொஞ்சம் இந்தக் கிருமியின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் ரத்தத்தில் கிருமிகளை விழுங்கித் தீர்க்கிற அணுக்கள் இருக்கின்றன அல்லவா, புரூசெல்லா அவற்றாலேயே விழுங்கப்பட்டு, அவற்றுக்குள்ளேயே குடித்தனம் வைத்துக்கொள்ளும். போலீஸ் ஸ்டேஷனில் ஒளிந்துகொண்ட திருடன். அங்கிருந்து மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, மூட்டு என்று அமைதியாகப் பரவும். கிருமி வெளியே தலைகாட்டும்போது காய்ச்சல், உள்ளே பதுங்கும்போது ஓய்வு. ஏறி இறங்கும் இந்தப் போக்கினால் ஆங்கிலத்தில் இதற்கு அலைக்காய்ச்சல் என்றும் பெயர் உண்டு. மூட்டுவலி, முதுகுவலி, இரவு வியர்வை, எதிலும் பிடிப்பில்லாத சோர்வு. ஆய்வகத்தில் இதைக் கையாளுகிறவர்களுக்கு எளிதில் தொற்றும்; மூச்சோடு போன துளியே போதும். இன்று டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம் கொடுத்துத் தீர்க்கிறார்கள். அன்று மருந்தே கிடையாது.

ஆலிஸுக்கு வந்து வந்து போயிற்று. அந்தக் காய்ச்சலைப் பற்றி அமெரிக்காவில் மற்ற எவரையும்விட அதிகம் தெரிந்த ஆள் நோயாளியாகக் கட்டிலில் கிடக்கிறார். வந்த மருத்துவர்கள் வைத்த பெயர் நரம்புத் தளர்ச்சி. அந்தச் சொல்லை நம் ஊர்ப் பத்திரிகை விளம்பரங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசில். அதுவும் கல்யாணமாகாத, நாற்பது வயது தாண்டிய, ஓயாமல் வேலை பார்க்கிற பெண் என்றால் கேட்கவே வேண்டாம். வலி உண்மை என்று தெரிந்த ஒருவரிடம் அது பாசாங்கு என்று ஜாடையாகச் சொன்னால் எப்படியிருக்கும் என்பதை ஆலிஸ் தன் நினைவுக்குறிப்பில் ஆற்றாமையோடு எழுதியிருக்கிறார். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. 1928இல் வேறு எதற்கோ அறுவை சிகிச்சை நடந்தபோது உள்ளே புண்கள் தெரிந்தன. அவற்றிலிருந்து எடுத்ததை வளர்த்துப் பார்த்தார்கள். புரூசெல்லா வளர்ந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அது அவரை விட்டு விட்டுப் பிடித்தது. ஓய்வு பெறும் காலம்வரை கூடவே இருந்தது.

அதே 1928இல் அமெரிக்க பாக்டீரியவியலாளர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பத்து வருஷங்களுக்கு முன் அவர் பேச்சை நம்பாத அதே சங்கம். அந்த நாற்காலியில் அதுவரை பெண் உட்கார்ந்ததில்லை. 1930இல் பாரிஸில் நடந்த முதல் சர்வதேச நுண்ணுயிரியல் மாநாட்டுக்கு அமெரிக்கப் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். நுண்ணுயிர் வேட்டைக்காரர்களின் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற பால் டி குரூய்ஃப் 1932இல் வெளியிட்ட இன்னொரு புத்தகத்தில் ஆலிஸுக்கும் ஓர் அத்தியாயம் கொடுத்தார். புத்தகத்தின் தலைப்பு, 'சாவை எதிர்த்த ஆண்கள்' என்று பொருள்படும்படி இருந்தது.

பாலைக் காப்பாற்றும் வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாக இல்லை. 63 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 நொடி வைத்தால் புரூசெல்லா செத்துவிடும். பாஸ்டரின் பெயரில் அந்த முறை முன்பே இருந்தது. அதைக் கட்டாயமாக்க மனம்தான் இல்லை. சுத்தமான பண்ணைப் பாலுக்கு அது வேண்டாம் என்ற வாதத்தை ஆலிஸின் கட்டுரை உடைத்தது. பசு பார்க்கத் திடமாக இருந்து, கறப்பவன் கை சுத்தமாக இருந்து, பாத்திரம் பளபளவென்று இருந்தாலும், கிருமி மடியிலிருந்தே வரும். 1930களில் அமெரிக்க நகரங்களும் மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பாலைப் பாஸ்டர் முறையில் சூடாக்கியாக வேண்டும் என்று சட்டம் போட்டன.

பாலைப் பொங்கவைக்காமல் குடிக்காத நமக்கு இதில் ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது. ஆனால் தொழுவத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரை ஆல்கஹால் உண்டு. மாட்டுப் புரூசெல்லாவுக்கு அது சர்க்கரையைவிட இனிப்பு. அதனால்தான் கிருமி சினைப்பசுவில் போய்க் கொடியைத் தின்று கன்றை வீழ்த்துகிறது. வீசிய கன்றிலும் கொடியிலும் அது குவிந்து கிடக்கிறது. நம் கிராமங்களில் இளங்கொடி விழுந்ததும் வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டிவிட்டு வருவார்கள், பால் பெருகும் என்று. விழாமல் நின்றால் வெறுங்கையை உள்ளே விட்டு எடுப்பவர்களும் உண்டு. நிறைமாதத்தில் ஈன்ற நல்ல பசு என்றால் சரி. கன்று வீசிய பசு என்றால் அந்தக் கையுறை இல்லாத கைதான் கிருமியின் வாசல். கால்நடை மருத்துவர்களுக்கு இது தொழில்நோய். மத்திய அரசு 2019இல் தொடங்கிய திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி போடுகிறார்கள். நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டுவரும் கிருமியின் பெயர் எஸ்-19. அதற்கும் ஒரு கதை உண்டு. 1923இல் ஒரு ஜெர்சி பசுவின் பாலிலிருந்து எடுத்த வீரியமான கிருமி அது; எடுத்தவர் அமெரிக்கக் கால்நடைப் பிரிவின் ஜான் பக். ஆய்வகத்தில் வெறும் அறை வெப்பத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்ததில் அதன் பல் விழுந்துவிட்டது. மால்டா ஆடுகளைக் கப்பலேற்றிய அதே பிரிவு!

ஆலிஸ் கடைசிப் பத்து வருஷங்களை வேறொரு குடும்பத்துக் கிருமிகளான ஸ்ட்ரெப்டோகாக்கஸை வகைபிரிப்பதில் கழித்து, 1945இல் ஓய்வு பெற்றார். பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டங்கள் கொடுத்தன. வாங்காமல் விட்ட முனைவர் பட்டத்துக்கு ஈடாக விஸ்கான்சினும் 1948இல் ஒன்று கொடுத்தது. பெண்கள் கூட்டங்களில் அறிவியல் வேலை பற்றிப் பேசினார், இளம்பெண்களை அந்தப் பக்கம் இழுத்தார். 1963இல் நினைவுக்குறிப்பை எழுதி முடித்தார். 1975 செப்டம்பரில் தன் 94ஆவது வயதில் காலமானார்.

அதற்கு முன்னால் இன்னொரு சண்டை பாக்கியிருந்தது. 1966இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். படிவத்தில், கம்யூனிஸ்ட் அமைப்புகளில் உறுப்பினர் இல்லை என்று உறுதி சொல்லும்படி ஒரு பகுதி இருந்தது. ஆலிஸ் எந்த அரசியல் கட்சியின் ஆளாகவும் அறியப்பட்டவர் அல்லர். ஆனால் வயதானவளின் வைத்தியச் செலவுக்கும் அவள் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, பதில் எழுத மறுத்து, பேச்சுரிமையை மீறுகிறது என்று நீதிமன்றம் போனார். 1967 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையே அந்த விதி அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று ஒப்புக்கொண்டது. அந்த மாதம் அவருக்கு 86 வயது நிறைந்தது.